பாதி வரிசையில் உட்கார்ந்தவர்

இல்லை, அந்த நோயால் அல்ல.

துக்கம் கேட்க வந்தவர்களில் இதைக் கேட்காமல் போனவர் யாரும் இல்லை. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் அண்ணன் மனைவி முருகேஸ்வரி இறந்தது மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்ததால். பன்னிரண்டு வருடமாக அவர் உடம்பில் குடியிருந்த தசைவலிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தேனி ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றுதான் சொன்னார்.

பன்னிரண்டு வருடம் "அவளுக்கு ஒரு நோயும் இல்ல, சும்மா" என்று சொன்ன அதே வாய்கள், அன்று பொழுது சாய்வதற்குள் "பாவம், அந்த நோயே கொண்டுபோயிருச்சு" என்றன. உயிரோடு இருந்தவரை மறுத்த நோயை, செத்த பிறகு தாராளமாகக் கொடுத்தார்கள்.

எரிச்சலோடு அஞ்சலி எழுதக் கூடாது என்று தெரியும். வேறு மாதிரி எழுத வரவில்லை.

*

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பகல் பன்னிரண்டு மணி வகுப்பு. அண்ணன் அந்த நேரத்தில் அழைப்பவர் இல்லை. வெளியே வந்து எடுத்தேன்.

"கயலு, ஒங்க மதினி காலைல தோட்டத்துல விழுந்துட்டா. தேனிக்குக் கொண்டாந்தோம். ஸ்கேன் எடுத்தாக. தலைக்குள்ள ரத்தமாம். இல்லன்னுட்டாக."

"என்ன இல்ல?" என்று கேட்டேன்.

யாரோ அண்ணனிடமிருந்து போனை வாங்கி வைத்தார்கள்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். உசிலம்பட்டி தாண்டும்போது உறவுக்காரர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. காமயகவுண்டன்பட்டி பஸ் நிறுத்தத்தில் கட்டப்போகும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸின் மாதிரி. மதினியின் படம், மல்லிகை மாலை, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: 'அயராது உழைத்த எங்கள் குலவிளக்கு.'

ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது சிவா. சித்தப்பா மகன். அவனை அழைத்தேன்.

"சிவா, 'அயராது'ங்கிறத எடு."

"ஏன்க்கா? நல்ல வார்த்தைதான? எல்லாப் போஸ்டர்லயும் அதான போடுவாக."

"மதினி அயந்தாகடா. தெனமும் அயந்தாக. அதான் அவுக வியாதியே."

"செத்தவுகள அசந்தவுகன்னு போடச் சொல்றியா? ஊரு சிரிக்கும்க்கா."

"ஒண்ணும் போட வேணாம். விட்ரு."

"அங்கன எடம் காலியாக் கெடக்கும்."

"கெடக்கட்டும்."

"ஒரு குத்துவிளக்கு வைக்கச் சொல்லவா?"

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது சிக்னல் போனது. இறங்கும்போது ஃப்ளெக்ஸ் அச்சாகியிருந்தது. விளக்கும் இருந்தது. வார்த்தையும் இருந்தது.

அந்த வார்த்தைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

*

ஜெயமங்கலத்திலிருந்து மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். கல்தூண், கம்பிப் பந்தல், பன்னீர்த் திராட்சை. குலை வெட்டும் நாளில் பழம் நிறைந்த ஒரு டிரேயைத் தலையிலும் இன்னொன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவார். எங்கள் அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்: "எம் மருமக ஒரு ஆம்பள வேல பாப்பா." அந்தப் பெருமைதான் பிறகு வினையாயிற்று. டிரேயை இறக்கி வைத்த பிறகும் அம்மாவின் கண்ணில் அவர் அதைச் சுமந்துகொண்டேதான் நடந்தார்.

ஊரெல்லாம் மூட்டுக் காய்ச்சல் வந்த வருடம் மதினிக்கும் வந்தது. மற்றவர்களுக்குக் காய்ச்சலும் வலியும் சேர்ந்து போயின. அவருக்குக் காய்ச்சல் மட்டும் போனது.

கழுத்தில், தோளில், இடுப்பில், முழங்கைக்குப் பக்கத்தில். ஒருநாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது. தலை வாரினால் வலித்தது. மகள் வந்து முதுகில் சாய்ந்தால் வலித்தது. வலியைவிட மோசமானது அசதி.

"ராத்திரி பூராத் தூங்குறேன். எந்திரிச்சா மூட்ட தூக்குன மாதிரி இருக்கு கயலு. யாரு மூட்டைன்னுதான் தெரியல."

கம்பத்தில் ரத்தம் பார்த்தார்கள். தேனியில் எக்ஸ்ரே. மதுரையில் ஸ்கேன். எல்லாத் தாளிலும் ஒரே முடிவு. ஒவ்வொரு முறையும் கவரோடு வீட்டுக்குள் நுழைவார். அம்மா கேட்பார்.

"என்ன சொன்னாக?"

"நார்மலாம் அத்தை."

"நார்மல்னா பெறகு எதுக்குப் படுத்துக் கெடக்க?"

கேட்டது தப்பான கேள்வி என்று எனக்கும் அப்போது தெரியாது. நானும் ஒருநாள் நினைத்திருக்கிறேன். மதினி நடிக்கிறார் என்று. இதை எழுதாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

*

பிறகு அக்கினிச்சட்டி.

அம்மா வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். வலி போனால் மருமகள் சட்டி எடுப்பாள். யோசித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் வலிப்பவர், வலி போனதற்கு நன்றியாக நெருப்பு நிறைந்த மண்சட்டியைக் கையில் ஏந்தி நடக்க வேண்டும். நேர்ந்தவர் வேப்பிலையோடு கூட நடப்பார்.

அந்தச் சித்திரையில் மதினிக்குத் தொடர்ந்து ஐந்து நாள் நன்றாக இருந்தது. அம்மா அறிவித்துவிட்டார்: போய்விட்டது. மதினியும் நம்பினார். மஞ்சள் சேலை கட்டி, கூட்டத்துக்குள், வெயிலில், சட்டியோடு நடந்தார். எடுத்து முடித்த கையோடு, விட்டுப்போன துணிகளையெல்லாம் துவைத்தார். நன்றாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று.

அடுத்த பதினோரு நாள் பாயிலிருந்து எழ முடியவில்லை.

"ஏதோ சாமி குத்தம் இருக்கு" என்றார் அம்மா.

பல வருடம் கழித்து மதினி என்னிடம் சொன்னார்: "வலிச்ச அன்னைக்கு எடுக்கச் சொல்லியிருந்தா மாட்டேன்னுருப்பேன் கயலு. நல்லா இருந்த அன்னைக்குச் சொன்னாக. அதான் மாட்டிக்கிட்டேன்."

இந்த நோயைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவான வாக்கியம் இல்லை. கெட்ட நாள் நம்மைப் படுக்க வைக்கும், அவ்வளவுதான். நல்ல நாள்தான் ஏமாற்றும்.

*

நோய்க்குப் பெயர் கிடைக்க நான்கு வருடம் ஆயிற்று. நான் கல்லூரி இரண்டாம் வருடம். விடுமுறையில் தேனிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் ஒரு பெண். பழைய தாள்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். எழுந்து வந்து கழுத்து, தோள், முழங்கை, முட்டி என்று விரலால் அழுத்திப் பார்த்தார். எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். நான்கு வருடத்தில் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள்.

"ஃபைப்ரோமயால்ஜியா" என்றார். "தசையில சேதம் கிடையாது. அதான் ஸ்கேன்ல தெரியல. திருவிழாவுல குழாய் ரேடியோ கட்டுவாங்கள்ல, அது மாதிரி. தசை மெதுவாச் சொல்றத உங்க நரம்பு குழாய்ல போட்டு ஊருக்கே கேக்க வைக்குது. நீங்க கேக்குற சத்தம் நெசம்."

மதினி அழுதார். டாக்டர் பயந்துவிட்டார். "உயிருக்கு ஆபத்தில்லம்மா."

"அதுக்கில்ல மேடம். நெசம்னீகள்ல."

முழுசாகப் போக மருந்து இல்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். தூக்கத்துக்கும் வலிக்கும் ஒரு சின்ன மாத்திரை. தினமும் கொஞ்சம் நடை. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். ஒரே நேரத்துக்குப் படுப்பது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. "நல்லா இருக்குற நாள்ல எல்லாத்தையும் செஞ்சு முடிக்காதீங்க. முடியாத நாள்ல எல்லாத்தையும் நிறுத்தாதீங்க. புதுசா ஏதாவது வலி வந்தா, இதுவும் அதுதான்னு நீங்களே முடிவு பண்ணாம வந்து காட்டுங்க."

பஸ்ஸில் அந்தப் பெயரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், அண்ணனிடம் காட்ட. சின்னமனூர் வருவதற்குள் வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. மறுபடி எழுதினார்.

அண்ணன் கையைப் பார்த்தார். "பேரு வச்சா நோயாயிருமா? நம்ம மாட்டுக்குந்தான் பேரு வச்சிருக்கோம்."

"மாடு இல்லாமயா பேரு வச்சீக?" என்றார் மதினி.

*

அதன் பிறகு எட்டு வருடம். பாதி வேலையின் வருடங்கள்.

பாதி வாசல் கூட்டுவார். விளக்குமாற்றை அந்த இடத்திலேயே சாத்திவிட்டு உட்காருவார். பாதித் துணி கொடியில், பாதி வாளியில். எங்கள் பக்கத்தில் சோம்பேறியைக்கூடப் பொறுப்பார்கள். எடுத்த வேலையைப் பாதியில் வைப்பவளைப் பொறுக்க மாட்டார்கள்.

"பாதி வாசல் கூட்டுற வீட்டுல லட்சுமியும் பாதிதான் வருவா" என்பார் அம்மா.

"பாதி வந்தாலே போதும் அத்தை. மிச்சத்துக்கு உக்கார இங்கன எடமில்ல."

தோட்டத்தில்தான் சிக்கல். குலை வெட்டும்போது பெண்கள் ஆளுக்கொரு வரிசை பிடித்து ஒன்றாகத் தொடங்குவார்கள், ஒன்றாக முடிப்பார்கள். கைகள் முழு நேரமும் தலைக்கு மேலே. பின்தங்குகிறவளுக்கு, முடித்தவள் எதிர்முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து வரிசையை மூடுவாள். அது உதவி. அதோடு ஒரு கேலியும் கட்டாயம் வரும்.

மதினி போனில் இரண்டு அலாரம் வைத்தார். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு சேவல் கூவும். கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கல்தூணில் சாய்ந்து உட்காருவார். பத்து நிமிடத்தில் மறுபடி கூவும். எழுந்து, விட்ட குலையிலிருந்து வெட்டுவார். நன்றாக இருந்தாலும் உட்காருவார். நன்றாக இருந்தால் கட்டாயம் உட்காருவார்.

கூட வெட்டும் பவுன்தாய்க்கு அது தினசரித் தீனி.

"ஏலே, சேவக் கூவிருச்சு! முருகுக்கு மறுக்கா விடிஞ்சுருச்சு."

"ஒனக்கு ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் விடியுது பவுனு. எனக்குப் பத்துத் தடவ. யாரு குடுத்துவச்சவ?"

"உக்காந்தே சம்பாரிக்கிற மகராசி."

"நீ நின்னு சம்பாரிச்சதக் கொண்டா பாப்போம்."

நான் ஒரு விடுமுறையில் நல்லது செய்வதாக நினைத்து அவருடைய வரிசையை எதிர்முனையிலிருந்து வெட்டி மூடிவிட்டேன். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"யாரு ஒன்ன முடிக்கச் சொன்னா? நீ முடிச்சுட்டா, முடிஞ்ச வரிசைதான் அவுக கண்ணுல படும். நான் நிப்பாட்டுனது எவ கண்ணுலயும் படாது. நாளைக்கும் முடியும்னு நெனைப்பாக."

என்னோடு அவருக்கு வேறு எரிச்சல்களும் உண்டு. நான் கட்டுரைகள் அனுப்புவேன். மூச்சுப் பயிற்சி, யோகா, உணவு. ஒருநாள் குரல் செய்தி வந்தது: "தாயி, நீ அனுப்புறதப் படிச்சு முடிக்கவே நான் ரெண்டு நாளு படுக்கணும். நிப்பாட்டு."

நிப்பாட்டினேன். அவரிடமிருந்து நான் ஒழுங்காகக் கற்ற ஒன்று.

வலி போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் இன்னொரு ஃப்ளெக்ஸ். ஆனால் பதினோரு நாள் படுக்கை மறுபடி வரவில்லை. வாய்க்கால் கரையில் ஐந்து நிமிடம் நடந்தவர், கடைசியில் முக்கால் மணி நேரம் நடந்தார். மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அதற்காக முந்தின இரண்டு நாளும் வேலையைக் குறைத்துச் சேர்த்து வைத்திருந்தார். யாருக்கும் தெரியாது.

இன்னொன்று நடந்தது. கூட வெட்டும் பெண்களில் முத்துப்பிள்ளைக்கும் தோளிலும் இடுப்பிலும் அப்படித்தான். வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாதவர். ஒருநாள் சேவல் கூவியதும் அவரும் வந்து மதினி பக்கத்தில் உட்கார்ந்தார். மதினி தள்ளி இடம் கொடுத்தார். அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து தேனிக்குப் போனார்கள்.

*

மதினி விழுந்த அன்று நடந்ததைப் பவுன்தாய் மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார். துக்கப் பந்தலுக்கு வெளியே நின்று, என்னைப் பார்க்காமல்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். மதினி பாதி வரிசையில் இருந்தார். சேவல் கூவியது. வழக்கம்போலக் கத்தரிக்கோலை டிரேயில் வைத்தார். தலையை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சாய்ந்து படுத்தார்.

"படுத்தா. சரி, அசதி கூடுதல் போலன்னு நாங்க வெட்டிக்கிட்டே போனோம். உக்காந்தா எழுப்பக் கூடாதுன்னு அவதான சொல்லி வச்சிருக்கா. எட்டு வருசமாச் சொன்னாளே ஆத்தா. நாங்களும் கேட்டுப் பழகிட்டோமே."

பிறகு சொன்னார்: "மறு சேவலும் கூவுச்சு. அவ எந்திரிக்கல. அப்பத்தான் ஓடுனோம்."

பவுன்தாய் தலையில் அடித்துக்கொண்டார். "பழைய மாதிரி நம்பாமலே இருந்திருந்தா, 'எந்திரிடி நடிப்புக்காரி'ன்னு அப்பவே காலப் புடிச்சு இழுத்திருப்பேனே."

டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன் என்று முதலில் எழுதினேன். நோயால் வந்ததா என்று ஒன்று. மாத்திரையால் வந்ததா என்று ஒன்று. மூன்றாவது கேள்வி, மறுநாள் மறுபடி தேனிக்குப் போய்க் கேட்டது, இதுதான். அந்தப் பத்து நிமிடம். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இவ்வளவு பெரிய கசிவு. ஆஸ்பத்திரி வாசல்ல விழுந்திருந்தாலும் இல்லம்மா."

பவுன்தாயிடம் இதைச் சொன்னேன். கேட்டார். நம்பினாரா தெரியாது. நானே சில நேரம் நம்புகிறேன், சில நேரம் இல்லை. ஆனால் ஊர் அதற்குள் முடிவு செய்துவிட்டது. முதல் நாள், நோய் கொன்றது. மூன்றாம் நாள், உட்கார்ந்ததுதான் கொன்றது. "வேல பாத்துக்கிட்டே இருந்திருந்தா ரத்தம் ஓடிக்கிட்டே இருந்திருக்கும்" என்று அம்மாவிடம் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார், காபி குடித்தபடி.

ஐந்தாம் நாள் தோட்டத்தில் மறுபடி வெட்டு. பழம் காத்திருக்காது. முத்துப்பிள்ளை உட்காரவே இல்லை என்று அண்ணன் சொன்னார். "நல்லாத்தான் வெட்டுது. சொகமாயிருச்சு போல." எட்டாம் நாளும் உட்காரவில்லை. பத்தாம் நாள் தோட்டத்திலிருந்து அவர் போவதைப் பார்த்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், ஏற முடியாமல்.

கூப்பிட்டேன். "உக்காந்து உக்காந்து வெட்டலாம்ல?"

"வேணாம்மா. முருகு போனதே அதுலதான்னு சொல்றாக. எம் மருமக என்னத்தச் சொல்லுவா? நான் ஒழுங்கா நின்னு வெட்டிக்கிறேன்."

மதினி போனதை நான் எப்படியோ தாங்கிக்கொள்வேன். எட்டு வருடம் கேலி வாங்கி, ஒரு பந்தலுக்கு அடியில் அவர் உண்டாக்கி வைத்த பத்து நிமிடமும் அவரோடு போவதைத் தாங்க முடியவில்லை. கட்டுரை எழுதி என்ன ஆகப்போகிறது? முத்துப்பிள்ளை இதைப் படிக்கப் போவதில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அடுத்த நாள் வெட்டு. காலையில் நானும் தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

"நீ எதுக்கு?" என்றார் அண்ணன். "ஒனக்குக் குலையும் ஒழுங்கா வெட்டத் தெரியாது, டிரேயும் தூக்கத் தெரியாது."

"மதினி வரிசை எது?"

அவர் கையைக் காட்டினார். மேற்கே நான்காவது. அன்று பாதியில் நின்ற வரிசை. மீதியை யாரும் வெட்டவில்லை. குலைகள் கனிந்து, சில உதிர்ந்து, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தன. மறந்தார்களா, பயந்தார்களா, விட்டு வைத்தார்களா, கேட்கவில்லை. அந்தக் கல்தூணின் அடியில் முதுகு படும் உயரத்துக்கு மட்டும் கல் வழவழப்பாக இருந்தது.

மதினியின் போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தேன். டிரேயின் விளிம்பில் வைத்தேன். வெட்டத் தொடங்கினேன். பத்தாவது நிமிடத்திலேயே தோள் எரிந்தது. வலி இல்லாத தோள், என்னுடையது.

சேவல் கூவியது.

பந்தலுக்கு அடியில் எல்லாக் கைகளும் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி மேலே போயின. நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டேன்.

முத்துப்பிள்ளை கையை இறக்கவில்லை. குலையும் வெட்டவில்லை. அப்படியே நின்றார். அவர் பார்த்தது என்னை அல்ல, பவுன்தாயை.

பவுன்தாய் இரண்டு குலை வெட்டினார். மூன்றாவதை வெட்டாமல், திரும்பாமல், சத்தமாகச் சொன்னார்:

"ஏலே முத்து, காது கேக்கலயா? விடிஞ்சுருச்சுல்ல. போயி உக்காரு."

முத்துப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் அயர்ந்தீர்கள் மதினி. அயர்ந்தபோது உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததால் எழுந்தீர்கள், எட்டு வருடம். பஸ் நிறுத்தத்தில் அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் தொங்குகிறது, வெயிலில் வெளுத்துவிடும். போய் வாருங்கள். இந்த முறை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

இரண்டாவது சேவல் கூவியது. நான் எழுந்து, விட்ட குலையிலிருந்து வெட்டினேன்.